எங்கே அவிழ்ந்தது கட்டு?

ஆங்கில அகராதியைத் திறந்து ‘கேட்டமரன்’ என்ற சொல்லைப் பார்த்தால், இணையாக ஓடும் இரண்டு அடிப்பாகங்களின் மேல் தளம் அமைந்த படகு என்று பொருள் போட்டிருக்கும். தமிழிலிருந்து வந்த சொல் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்து அன்னங்கோயிலிலோ, அறுபதைத் தாண்டிய மீனவர் ஒருவரிடம் அப்படிப்பட்ட கப்பலின் படத்தைக் காட்டுங்கள். கப்பல் என்பாரே தவிர, கட்டுமரம் என்று சொல்ல மாட்டார். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

சுருட்டு, மிளகுத்தண்ணீர், கட்டுமரம் என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களின் பட்டியலைப் பள்ளியில் ஒப்பித்திருப்போம். ஒப்பித்துவிட்டுப் பெருமையோடு அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம். சொல் போனது சரி, பொருளும் கூடப் போனதா என்று யாரும் கேட்டதில்லை. கட்டுமரத்தைப் பொறுத்தவரை போகவில்லை என்பதே உண்மை. அது எங்கே, எப்படித் தவறியது என்று பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளை அறியக் கரைக்குத்தான் போகவேண்டும். கட்டுமரத்தில் ஆணி கிடையாது, பலகை கிடையாது. லேசான மரத்தின் நீண்ட கட்டைகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, அணியத்திலும் பின்பக்கத்திலும் குறுக்குக்கட்டை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். நடுக்கட்டை நீளமானது. ஓரக்கட்டைகள் சற்றே மேலே வளைந்து நிற்கும். கட்டைகளுக்கு இடையே நீர் ஏறும், இறங்கும். தண்ணீர் இறைக்க வேண்டிய வேலையே இல்லை. உள்ளே தேங்குவதற்கு உள் என்று ஒன்று இல்லாததால் மூழ்குவதும் இல்லை. அலை புரட்டிப் போட்டால் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலை உடையும் இடத்தைக் கடந்து போய்த் திரும்ப இதைவிடப் பொருத்தமான கலம் அமையவில்லை.

கரை சேர்ந்த பின் நடப்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மீனையும் வலையையும் இறக்கியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து மணலில் கிடந்து காயும். மரம் நீரைக் குடித்துக் கனத்துப்போவதால் காயவைத்தே தீரவேண்டும். மறுபடி தொழிலுக்குப் போகும்போது அதே கட்டைகளை அதே வரிசையில் சேர்த்துக் கட்டுவார்கள். கடலில் இருக்கும்போதுதான் அது கலம். கரையில் கிடக்கும்போது நாலைந்து கட்டைகளும் ஒரு சுருள் கயிறும்தான். மீனவர் பேச்சில் அதற்குப் பெரும்பாலும் ‘மரம்’ என்றுதான் பெயர். கோலா மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போன பெரிய வகையைக் கோலாமரம் என்றார்கள். கட்டு என்ற முன்னொட்டு கரையில் இருப்பவருக்குத் தேவைப்படவில்லை. அது கண்ணெதிரே அன்றாடம் நடக்கும் வேலை.

இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று தோன்றும். ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட தொகையை வினைத்தொகை என்கிறோம். கட்டுமரமும் அப்படியா? கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று விரிக்கலாம்தான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கட்டு’ வினையடியாகவும் வரும், கட்டப்பட்ட தொகுதி என்ற பெயராகவும் வரும். விறகுக்கட்டு, பூக்கட்டு, நோட்டுக்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. அப்படிக் கொண்டால் கட்டுமரம் என்பது ஒரு கட்டாக இருக்கும் மரம். வல்லின எழுத்து வந்திருந்தால் மிகுமா மிகாதா என்று பார்த்து ஓரளவு வாதாடலாம். ஆனால் கட்டுச்சோறு, கட்டுத்தறி போன்றவற்றில் வன்தொடர்க் குற்றியலுகரத்தின் விதியே புகுந்து மிகச்செய்துவிடுவதால் அந்த வழியும் தெளிவாக இல்லை. கட்டுமரத்திலோ வருமொழி முதலில் மகரம். புணர்ச்சி விதி வாய் திறப்பதில்லை.

புணர்ச்சி சொல்லாததைக் கரை சொல்கிறது என்பது என் துணிபு. நோட்டுக்கட்டு ஒருமுறை கட்டினால் கட்டாகவே இருக்கும். கட்டுமரத்தை நேற்றும் கட்டினார்கள், இன்றும் கட்டுகிறார்கள், நாளையும் கட்டுவார்கள். மூன்று காலத்தையும் ஒரே சொல்லுக்குள் வைக்கும் தொகை இந்தக் கலத்துக்குப் பொருந்துவதுபோல ஊறுகாய்க்குக்கூடப் பொருந்தவில்லை. ஊறியது மறுபடி ஊறாத காயாக ஆவதில்லை. இதுவோ அவிழ்ந்து அவிழ்ந்து கட்டப்படுவது. ஆகவே வினைத்தொகை என்றே கொள்கிறேன். ‘கட்டப்பட்ட மரங்கள்’ என்று ஆங்கில அகராதிகள் தரும் விளக்கம் இறந்த காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது.

இனி, சொல் கப்பலேறிய கதை. 1583 வாக்கில் சாந்தோமுக்கு வந்த வெனிஸ் நகரத்து நகை வணிகர் காஸ்பரோ பால்பி, ஏழு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கலத்தை வருணித்து அதற்கு ‘கத்தமெரோனி’ என்று பெயர் தருகிறார். 1673இல் இந்தக் கரையோரமாகக் கப்பலில் வந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ரையர், நடுவில் பாய் கட்டித் துடுப்போடு வந்த கட்டுமரங்களைக் குறித்துவைத்தார்; அவருடைய நூல் 1698இல்தான் அச்சேறியது. அதற்கு ஓராண்டு முந்தி, 1697இல், வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூல் வெளிவந்துவிட்டது. கடற்கொள்ளையரோடு சுற்றி 1690இல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஒரு மரம், சில சமயம் இரண்டு மரம், ஏறியவரின் கால் எப்போதும் தண்ணீரில் இருக்கும், சோழமண்டலக் கரையில் இதற்குக் கட்டுமரம் என்று பெயர் என அவர் எழுதினார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் அச்சு வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மூன்று பேரும் எழுதிய வடிவங்களில் தமிழ் ஒலி எப்படிக் கரைகிறது என்பதைக் கவனியுங்கள். ‘கட்டு’வின் ஈற்றில் நிற்பது முழு உகரம் இல்லை, குற்றியலுகரம், இதழ் குவியாமல், அரை மாத்திரையில் தேய்ந்து ஒலிப்பது. தமிழ்க் காதுக்கு அது உகரம்தான். வெளியூர்க் காதுக்கு அகரம் போலவோ எகரம் போலவோ கேட்டிருக்கும். நடுவில் வரும் அகரம் அப்படி நுழைந்ததுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் உள்ள மகரமும் அப்படியே. பேச்சில் நாம் ‘மரம்’ என்னும்போது இதழ் முழுதாக மூடுவதில்லை, மூக்கொலியாக விட்டுவிடுகிறோம். அதைக் கேட்டவர்கள் னகரம் போட்டு எழுதிவிட்டார்கள். டகர இரட்டிப்பைச் சொல்ல அவர்கள் நாவுக்கு வழியே இல்லை. அவர்கள் எழுதிவைத்தது பரவரின் வாயிலும் பட்டினவரின் வாயிலும் அன்றாடம் புழங்கிய பேச்சுத்தமிழ். புத்தகத் தமிழ் இதில் எங்கும் வரவில்லை. அந்த வகையில் கேட்டமரன் என்ற சொல், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கடற்கரைப் பேச்சின் ஒலிப்பதிவு மாதிரி.

வெள்ளைக்காரர்களுக்கு இந்தச் சொல் இவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம், கட்டுமரம் இல்லாமல் இந்தக் கரையில் அவர்களுக்கு வேலை நடக்காது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலம் கோட்டையோடு சேர்த்தி என்பது பேரம். அப்படி எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்றே ஆவணங்களில் வழங்கின. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்த 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். 1783 ஜூன் 20இல் கடலூருக்கு அப்பால்தான் இங்கிலாந்து, பிரான்ஸ் கப்பற்படைகள் மோதின. இத்தனை கப்பல்களும் நங்கூரம் போட்டு நின்றது திறந்த கடலில். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கத் தைத்த மசூலாப் படகுகள் இருந்தன. அந்தப் படகுகளே போகத் துணியாத கொந்தளிப்பில் செய்தி கொண்டுபோனது கட்டுமரம். சென்னைத் துறையில் கட்டுமரக்காரர்கள் ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் செருகி நீந்தியும் துழாவியும் கப்பலில் சேர்த்தார்கள் என்று பல பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பேரரசின் தபால் ஒரு மீனவரின் தலைத்தொப்பியில் போயிற்று. அந்த மனிதர்களில் ஒருவர் பெயர்கூட அந்த நூல்களில் இல்லை. அவர்கள் ஏறிய கலத்தின் பெயர் மட்டும் தப்பித்தது.

தப்பித்த பெயர் கடலில் கண்டபடி அலைந்தது. முதலில், மேற்கிந்தியத் தீவுகளிலும் தென்னமெரிக்கக் கரையிலும் காணும் எந்த மிதவைக்கும் அதை வைத்தார்கள். அடுத்தது 1804. நெப்போலியனின் படை பூலோன் துறையில் இங்கிலாந்தைத் தாக்கத் திரண்டு நின்றபோது, அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் பிரிட்டனுக்காக வெடிமருந்து அடைத்த மிதக்கும் பெட்டிகளைச் செய்துகொடுத்தார். அக்டோபரில் அவற்றை மிதக்கவிட்டுத் தாக்கினார்கள். பெரிய பலன் இல்லை. அந்த வெடிப்பெட்டிக்கும் கேட்டமரன் என்றே பெயர். அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், சொல்லின் முதல் அசை ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லாகவும் இருந்ததால், சண்டைக்காரக் கிழவியைத் திட்டும் வசைச்சொல்லாகவும் அது மாறியது. கட்டு பூனையாகிவிட்டது.

1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்த அலைச்சலையெல்லாம் தேடித் தொகுத்து வைத்தது. அதை ஆக்கிய இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இந்தக் கரையின் மொழிகளை அறிந்தவர். அந்த நூல் இல்லாவிட்டால் பால்பியும் ஃப்ரையரும் நம் கண்ணில் பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் அதற்குள் இன்றைய பொருள் முளைத்துவிட்டது. அமெரிக்காவில் ரோட் தீவைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப், இரண்டு ஒல்லி உடல்களை இணைத்து ‘அமரில்லிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டி, 1876இல் நியூயார்க் போட்டியில் ஓட்டினார். மற்ற எல்லாப் படகுகளையும் பின்னால் விட்டுவிட்டது. இது படகு வகையிலேயே சேராது என்று புகார் எழுந்து பரிசு பறிபோனது. மறுவருடம் காப்புரிமை பெற்ற அந்த வகைப் படகுக்குத்தான் கேட்டமரன் என்ற பெயர் நிலைத்தது. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுகளின் பழைய அறிவு. அந்தத் தீவுக்காரர்களின் கலத்துக்கு, அமெரிக்கர் ஒருவரின் கையில், தமிழ்ப் பெயர் விழுந்தது.

அதன்பின் நடந்ததுதான் மொழி ஆய்வாளர் கண்ணை அகல விரிக்க வைப்பது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று உடல் படகு வந்தபோது அதற்கு ‘டிரைமரன்’ என்று பெயர் சூட்டினார்கள். ஐந்து உடல் வடிவத்துக்குப் ‘பென்டமரன்’. மூன்றுக்கும் ஐந்துக்கும் உரிய முன்னொட்டை வைத்துப் பின்னால் ‘மரன்’ சேர்த்தார்கள். அப்படியானால் அவர்கள் மனத்தில் ‘மரன்’ என்றால் படகின் உடல். முன்னால் நிற்பது எண்ணிக்கை. சொல்லைப் பிரித்த இடம் சரி, கட்டுக்கும் மரத்துக்கும் நடுவேதான். பிரித்தபின் இரண்டு பாதிக்கும் கொடுத்த பொருள்தான் தவறு. தமிழ் மரம் ஆங்கிலத்தில் விகுதியாகிப் புதுச்சொல் பிறப்பிக்கிறது. 2010இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற அலுமினியப் போர்க்கப்பல் ஒரு டிரைமரன். மரத்தூள்கூட இல்லாத கப்பலுக்குப் பெயரில் மரம். முதல் பாதியான ‘கேட்’ தனியாகக் கழன்று, பாய்ப்படகுக்காரர்களின் பேச்சில் இரட்டை உடல் படகுக்குச் செல்லப்பெயர் ஆகிவிட்டது.

இரண்டு கலங்களை இணைக்கும் வழக்கம் நம் கரைக்குத் தெரியாததா? தெரியும், அதற்கு வேறு பெயர் இருந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பிணைத்து மேலே தளம் போட்டு ஆற்றைக் கடக்கும் கலத்தைச் சங்காடம் என்றார்கள். மலையாளத்தில் இன்றும் சங்ஙாடம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு என்ற கிரேக்க நூல், பொதுகே முதலிய துறைகளைச் சொல்லும் இடத்தில், ஒற்றை மரக் கலங்களைச் சேர்த்துப் பிணைத்த பெரிய கலங்கள் அங்கே உண்டு, அவற்றின் பெயர் சங்கரா என்கிறது. பொதுகே என்பது அரிக்கமேடு எனப் பெரும்பாலோர் கொள்கிறார்கள்; கடலூருக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில்தான் இருக்கிறது. சங்கராவும் சங்காடமும் ஒரு சொல்லே என்று கருதும் அறிஞர் உண்டு.

அந்தச் சொல்லும் கடல் கடந்தது. போர்த்துக்கீசியர் அதை ‘ஜங்கடா’ என்று எடுத்துக்கொண்டு பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரேசிலின் வடகிழக்குக் கரை மீனவர்கள் ஜங்கடா என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? லேசான கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பாய் கட்டிய மிதவையை. நம் ஊர்க் கட்டுமரம்தான் அது. ஆக, இரட்டைத் தோணியின் பெயர் அட்லாண்டிக்கின் தென்கரையில் கட்டுமரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கட்டுமரத்தின் பெயர் வடகரையில் இரட்டைப் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே கரையிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்கள் வழியில் சுமையை மாற்றிக்கொண்டு இறங்கியிருக்கின்றன. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை இவ்வளவு நேரம் யோசிக்க வைத்த செய்தி வேறில்லை.

கூட்டுச்சொல் அந்நியக் காதில் விழுந்தால் கட்டு தளர்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. கடலூரின் பழைய பெயர் கூடலூர் என்பார்கள். ஆறுகள் வந்து கூடும் இடத்து ஊர். ஆங்கில எழுத்தில் ‘கட்டலோர்’ ஆகி, திரும்பத் தமிழில் நிலைத்தபோது கடல் ஊர் என்று பொருள்படும் கடலூராக நிற்கிறது. தெற்கே சிற்றம்பலம், சிறிய அம்பலம் என்று தமிழில் நேராகப் பிரிந்த பெயர், வடமொழியில் அறிவாகிய வெளி என விரியும் சிதம்பரமாக வழங்குகிறது. இரண்டிலும் ஒலி கொஞ்சம் அசைந்தது, அதற்குள் புதுப்பொருள் குடியேறிவிட்டது. இதில் யார்மீதும் குறை சொல்வதற்கில்லை. சிதம்பரத்துக்குக் கிடைத்த புதுப்பொருள் பழையதைவிட ஆழமானது என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆனால் பழைய பிரிப்பும் நினைவில் இருப்பதால்தான் அந்த வாதமே சாத்தியமாகிறது. கோயிலில் இன்றும் திருச்சிற்றம்பலம் என்று சொல்லித்தான் திருமுறை தொடங்குகிறார்கள்.

கட்டுமரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆங்கிலத்தில் மட்டும்தான் கட்டு அவிழ்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எண்பதுகளிலிருந்து ஃபைபர் படகும் வெளியே பொருத்தும் என்ஜினும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், சாமியார்பேட்டை, புதுப்பேட்டை என்று இந்த மாவட்டத்தின் கரையோர ஊர்களை ஒரே காலையில் புரட்டிப்போட்டது. மனித இழப்பின் முன்னால் மரத்தைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்: அன்று அடித்துப்போன கட்டுமரங்களின் இடத்தில், நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். மீனவருக்கு அது நல்லதே. விரைவாகப் போகலாம், தூரம் போகலாம், நனையாமல் உட்காரலாம். கட்டைகளைச் சுமந்து காயவைத்துக் கட்டிய தோள்களுக்கு ஓய்வு. பழைய மரத்துக்குத் திரும்புங்கள் என்று அவரிடம் சொல்ல வெளியூர்க்காரருக்கு எந்த உரிமையும் இல்லை.

ஃபைபரில் வார்த்த சிறுகலத்துக்கும் ‘ஃபைபர் கட்டுமரம்’ என்ற பெயர் வழங்கியதுண்டு. கட்டு இல்லை, மரம் இல்லை, பெயர் மட்டும் தொடர்ந்தது. ஹெரஷாஃப் செய்ததையே நாமும் செய்திருக்கிறோம். கூடவே இன்னொன்று நடக்கிறது. சுற்றுலாப் படகு விளம்பரங்களில் ‘கேட்டமரன்’ என்று தமிழ் எழுத்திலேயே அச்சிடுகிறார்கள். போன சொல் அந்நிய உடுப்பில் திரும்பி வந்து நிற்க, வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

கலம் மறைவது இயற்கை. அதோடு போகும் சொற்கள்தான் கவலை. மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய ஆய்வில் தமிழ்க் கரையின் கட்டுமர வகைகளை அளந்து, வகைபிரித்து, படம் போட்டு வைத்தார். நூறாண்டு கழித்தும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயர், கயிறு சுற்றும் முறைக்கு ஒரு பெயர் என்று அந்தக் கையறிவு முழுக்கச் சொல்லாகவே இருந்தது. ஊருக்கு ஊர் அது மாறும். கிள்ளையில் வழங்குவது தாழங்குடாவில் வழங்காது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் கட்டுமரம் என்ற சொல் இருக்கிறது. அதன் உறுப்புகளின் பெயர்களில் எத்தனை அதில் ஏறியிருக்கின்றன என்று தேடிப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடும்.

இந்த வேலைக்கு இந்த வட்டாரத்தைவிடத் தோதான இடம் கிடையாது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அண்ணாமலைநகரில் மொழியியல் உயராய்வு மையம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மொழி ஒரு கரையில், கடல் ஒரு கரையில். இடையே கொஞ்ச தூரம்தான்.

அங்கே தமிழும் மொழியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு விடுமுறை நாளில் அன்னங்கோயிலுக்கோ முடசல்ஓடைக்கோ போய், கட்டுமரம் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்காருங்கள். கேள்வித்தாள் வேண்டாம். நாலு கட்டையும் ஒரு சுருள் கயிறும் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். வாயால் கேட்டால் நினைவுக்கு வராத பெயர்கள், கை முடிச்சுப் போடும்போது ஒவ்வொன்றாக வரும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள், ஒலியாகவும் பிடித்து வையுங்கள். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.